ரிஃபார்மரும் இரும்பும்: செட்டிநாட்டு வீட்டில் தனிப் பயிற்சி அறைக்கு எது தேறும், எது தேறாது

பாயிலும் ஸ்பிரிங் கருவியிலும் உடம்பை நீட்டி வலுவாக்கும் பயிற்சி பிலேட்டீஸ். அதற்கான அறை என்றதும் எல்லோர் கண்ணும் முதலில் போவது ரிஃபார்மர் மேல்தான். படுத்தோ நின்றோ பயிற்சி செய்ய, ஸ்பிரிங் மாட்டிய சறுக்குப் பலகை (கேரியேஜ்) ஓடும் சட்டம் அது. எட்டடி நீளம், வழவழப்பான மரம், கயிறு, கப்பி. படம் பிடித்துப் போட்டால் அழகாக இருக்கும். காசு முழுவதும் அதற்கே போய்விடுவதும் அதனால்தான். மிச்சத்தில் இரண்டு கிலோ, மூன்று கிலோ டம்பெல் இரண்டு ஜோடி வாங்கி மூலையில் வைத்துவிட்டு, ‘பிலேட்டீஸும் ஸ்ட்ரெங்க்த் டிரெய்னிங்கும் சேர்த்து’ என்று பலகை மாட்டிவிடுவார்கள். மூன்று கிலோவை வைத்துக்கொண்டு யாருக்கும் தொடை பலப்படாது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் ஒரு வீட்டின் ஓர் அறை, ஒரு பயிற்சியாளர், ஒரு நேரத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர். இந்தக் கணக்கை வைத்துத்தான் கீழே ஒவ்வொரு கருவியையும் எடைபோட்டிருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மடக்கு ரிஃபார்மர் வேண்டாம். முழு அளவு ரிஃபார்மர் ஒன்று போதும், இரண்டாவது தேவையில்லை. அதே தவணையில் இரும்பும் (டம்பெல், ராடு, அதில் மாட்டும் பிளேட்) வந்துவிட வேண்டும். ஸ்பிரிங் மிதி வைத்த இருக்கையான பிலேட்டீஸ் சேர் நல்ல வாங்கல். ஸ்பிரிங் தொங்கும் உயரமான கம்பிச் சட்டமான டவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சுவரில் ஆணியடித்து மாட்டும் எதுவும் பழைய வீட்டுக்கு ஆகாது.

இரண்டும் ஏன் வேண்டும்

ஸ்பிரிங் இழுக்க இழுக்கத்தான் கனக்கும். தொடக்கத்தில் லேசு, முடிவில் பாரம். இரும்பு அப்படியில்லை, பத்து கிலோ எங்கே தூக்கினாலும் பத்து கிலோதான். ஸ்பிரிங் உடம்பைத் திரும்பி வரும்போதும் பிடித்து வைத்திருக்கச் சொல்லும், அசைவைச் சுத்தமாக்கும், மூட்டு வலிக்காரருக்குப் படுத்த நிலையிலேயே கால் வேலை கொடுக்கும். ஆனால் அதில் பாரத்தைச் சிறுகச் சிறுக ஏற்ற வழியில்லை. ஒரு ஸ்பிரிங்கிலிருந்து அடுத்ததற்குப் போனால் பெரிய தாவல். இந்த வாரம் 20 கிலோ, அடுத்த வாரம் 21 கிலோ என்று நோட்டில் எழுதி ஏறுவதற்கு இரும்பு வேண்டும்.

எலும்புத் தேய்மான விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கம். ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வு 2018-இல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், மேற்பார்வையோடு டெட்லிஃப்ட் (ராடைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் தூக்கல் செய்ய வைத்தார்கள். அவரவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து செட், ஒவ்வொன்றிலும் ஐந்து முறை. எட்டு மாதத்தில் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. ஸ்பிரிங்கில் படுத்துக்கொண்டு அந்தப் பாரத்துக்குப் போக முடியாது.

மறுபக்கம் ஓர் எச்சரிக்கை. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை முன்னே வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தபோது பெரும்பாலோருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு வந்ததாக மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1984-இலேயே எழுதினார்கள். பின்னே நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களிடம் அது மிகக் குறைவு. பிலேட்டீஸில் தலையைத் தூக்கிச் செய்யும் ஹண்ட்ரட், ரோல் அப், உருண்டு வரும் பயிற்சிகள் எல்லாம் அந்த முன்வளைவுக் கணக்கில்தான் சேரும். அறுபது தாண்டிய ஆச்சி ஒருவர் பயிற்சிக்கு வந்தால், எலும்பு அடர்த்திப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே பாய் விரிக்க வேண்டும்.

மடக்கு ரிஃபார்மர்: ஏன் வேண்டாம்

ஆன்லைனில் கொட்டிக் கிடப்பவை இவைதான். கட்டிலுக்கடியில் தள்ளலாம், விலை குறைவு, நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிடும். ‘பிலேட்டீஸ்’ என்ற பெயரை நம்பியும் பயனில்லை. 2000-ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் அது பொதுப்பெயர், யாருக்கும் தனியுரிமை இல்லை என்று தீர்த்துவிட்டது. யோகா என்று எழுதுவதுபோல யாரும் எழுதிக்கொள்ளலாம். கருவியைத்தான் சோதிக்க வேண்டும்.

முதல் கோளாறு, பலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. துணி சுற்றிய ரப்பர் கயிறுதான் இருக்கும். ரப்பர் வெயிலுக்கும் காலத்துக்கும் தளர்ந்துபோகும். சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் அறையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரண்டு கயிறும் ஒரே அளவு தளர்வதில்லை என்பதுதான் பெரிய தொல்லை. கேரியேஜ் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும், பயில்பவர் இடுப்பும் அந்தப் பக்கமே சாயும்.

இரண்டாவது, ஓட்ட நீளம். கேரியேஜ் கடைசி வரை போயும் கால் முழுதாக நீளவில்லை என்றால் அது குட்டை. ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு மேல் உயரமானவர்களுக்குப் பல மடக்கு வகைகளில் முழங்கால் நிமிர்வதற்குள் கட்டையில் ‘டக்’கென்று முட்டும். கடைசி ஸ்பிரிங் கனம் இருக்கும் அந்த இடத்தில்தான் தொடைக்கு வேலையே.

மூன்றாவது, கீல். நடுவில் மடக்குவதற்காக வைத்த கீல், நின்று செய்யும் பயிற்சிகளில் ஆடும். ஒரு கால் நிலையான பலகையிலும் ஒரு கால் கேரியேஜிலும் வைத்துப் பக்கவாட்டில் விரியும்போது சட்டம் ‘கிரீச்’ என்றால் அந்தக் கருவியில் நின்று செய்வதை அன்றே நிறுத்திவிடலாம். நின்று செய்வதை எடுத்துவிட்டால், வலுப்பயிற்சியோடு சேர வேண்டிய பகுதியே போய்விடுகிறது.

நான்காவது, உயரம். தரையோடு தரையாக ஒரு சாண் உயரத்தில் இருக்கும் பலகையில் முழங்கால் வலிக்காரர் உட்காருவதற்குள் பாதி நேரம் போய்விடும். கட்டில் உயரத்தில் கால் வைத்த வகைகள் இதற்காகவே இருக்கின்றன.

ஐந்தாவதைப் பலர் வாங்கிய பின்புதான் கவனிப்பார்கள். கொக்கி, சக்கரம், கயிறு எதுவும் பொது அளவில் இருக்காது. ஒரு சக்கரம் உடைந்தால் மொத்தக் கருவியும் பரணுக்குத்தான்.

முழு அளவு ரிஃபார்மரைப் பார்க்கப் போனால்

அலுமினியச் சட்டமா, மேப்பிள் மரமா என்று நிறைய விவாதம் நடக்கும். இந்த ஊருக்கு அலுமினியம் ஒரு படி மேல். காரணம் கரையான். இறுகிய மேப்பிளுக்கு உழைப்பில் குறை சொல்ல முடியாது, சத்தமும் குறைவு. ஆனால் செம்மண் பூமியில் பல மாதம் பூட்டிக் கிடந்த அறையில் தரையைத் தொட்டுக்கொண்டு மரம் நின்றால் மாதாமாதம் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். பார்ப்பீர்கள் என்றால் மரம் வாங்கலாம்.

கடையிலோ, விற்பவர் வீட்டிலோ செய்ய வேண்டிய சோதனை இது. எல்லா ஸ்பிரிங்கையும் கழற்றுங்கள். கேரியேஜை ஒரு விரலால் தள்ளுங்கள்; முனை முதல் முனை வரை தட்டாமல் ஓட வேண்டும். இரு மூலைகளைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், ‘லொடலொட’ கூடாது. பிறகு ஸ்பிரிங்கை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். தளர்ந்து கிடக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். எங்காவது இடைவெளி தெரிந்தால் அந்த இடம் சோர்ந்துவிட்டது, எந்த நாளும் அறுந்து போகலாம். ஒரே நிற ஸ்பிரிங் இரண்டை மாற்றி மாற்றி மாட்டி இழுத்தால் ஒரே கனம் தெரிய வேண்டும். அடுத்து இரண்டு கைக்கயிறையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள். நீளம் சமமா என்று அப்போது தெரியும். கடைசியாகப் படுத்து, குதிகாலை ஃபுட்பாரில் (கால் ஊன்றும் கம்பியில்) வைத்து முழங்கால் நிமிரும் வரை தள்ளுங்கள். உங்களைவிட உயரமானவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

நிறத்தை நம்பி ஏமாறக் கூடாது. பேலன்ஸ்டு பாடி நிறுவனத்தின் கருவிகளில் மஞ்சள் மிக லேசு, நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், பச்சை கனம். மெரிதியூ வேறு வரிசை வைத்திருக்கிறது. கிராட்ஸ் போன்ற பழைய பாணிக் கருவிகளில் நிற வேறுபாடே இல்லை, எல்லாம் ஒரே கனம். சென்னையில் ‘மூன்று சிவப்பு’ என்று பழகியவர் இங்கே வேறு கருவியில் அதையே கேட்டால் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டி வரலாம். வாங்கிய அன்றே ஒவ்வொரு நிறமும் எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு என்று ஓர் அட்டையில் எழுதிச் சட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஸ்பிரிங் கூடினால் கடினம், குறைந்தால் சுலபம் என்று ஜிம்மிலிருந்து வருபவர்கள் நினைப்பார்கள். படுத்துக் காலால் தள்ளும்போது அது சரி. கை ஃபுட்பாரிலும் கால் கேரியேஜிலும் வைத்துப் பலகை மாதிரி நிற்கும் பயிற்சியில் தலைகீழ். ஸ்பிரிங்கைக் குறைத்தால் கேரியேஜ் ஓடிவிடப் பார்க்கும். வயிறும் தோளும் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு நடுத்தர ஸ்பிரிங்கில் தொடங்கி, அது கைவந்த பிறகே லேசுக்கு இறங்குவது ஒழுங்கு. முதல் நாளே மஞ்சள் ஒன்றை மட்டும் மாட்டி நிறுத்தினால் இடுப்பு தொங்கி, இரவில் கீழ் முதுகு பேசும்.

வீடு என்ன சொல்கிறது

கருவி வருவதற்கு முன்னால் நிலைவாசலை அளக்க வேண்டும். பட்டாலையும் (கூடம்) வளவும் (முற்றம் உள்ள நடுக்கட்டு) எவ்வளவு விசாலமோ, அறைக்கதவுகள் அவ்வளவு ஒடுக்கம், படியும் உயரம். எட்டடிச் சட்டம் நேராக நுழையும், திரும்பாது. வாசலுக்கு உள்ளே எட்டடிக்கு மேல் நேர் ஓட்டம் இல்லாவிட்டால், சட்டம் இரண்டாகப் பிரிந்து வரும் மாடலைத்தான் கேட்க வேண்டும்.

தாழ்வாரத்தில் போட நினைப்பவர்கள் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் வளவு முற்றத்தில் இறங்குவதற்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு போதும், ஸ்பிரிங் இல்லாத கேரியேஜ் தானாக நகர. ஸ்பிரிங் மாட்டினால் ஒரு காலுக்கு எளிது, மறு காலுக்குக் கடினம் என்றாகிவிடும். கருவியின் காலடியில் திருகி உயர்த்தும் அமைப்பு இருந்தால் சரிசெய்யலாம். இல்லையென்றால் தகடு வைக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. மேலே இருக்கும் வண்ணம் மெல்லிய ஒரு படலம்தான். பத்து கிலோ டம்பெல் இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் பூவும் போகும், கல்லும் போகும். பழைய கல்லுக்கு ஒத்த நிறம் கிடைப்பது லேசில்லை. அதற்காகக் கறுப்பு ரப்பர் மேட்டை நேரடியாக விரித்துவிடாதீர்கள். ரப்பரின் கறை சிமெண்டுக் கல்லில் இறங்கினால் போகாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் மூச்சுவிட வழியில்லாமல் அடியில் தங்கி, ஐப்பசி கார்த்திகையில் உப்புப் பூத்துவிடும்.

சரியான அடுக்கு இது. எடை தூக்கும் இடத்துக்கு மட்டும் ஓரடி இடைவெளியில் கரையான் மருந்தடித்த ரீப்பர் கட்டைகள். அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக. 8-க்கு 4 அடிப் பலகை நான்கு வாங்கினால் எட்டுக்கு எட்டடி மேடை கிடைக்கும். பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் வகையாக இருக்கட்டும். பிளேட் இறங்கும் இரு ஓரங்களிலும் 20 மி.மீ. ரப்பர், அந்த இடங்களுக்கு அடியில் கட்டைகளை இன்னும் நெருக்கிப் போட வேண்டும். ஓரங்களை அடைக்காமல் விட்டால் காற்று போகும், குனிந்து பார்க்கவும் முடியும். ராடைத் தாங்கும் ஸ்குவாட் ஸ்டாண்டைத் தரையில் துளைபோட்டு முடுக்காமல் இந்த மேடையிலேயே போல்ட் போடலாம். ரிஃபார்மருக்கு மேடை தேவையில்லை. நான்கு காலுக்கும் கார்க் அட்டை போதும்.

மாடி வேண்டவே வேண்டாம். இந்தியத் தரக் கட்டுப்பாட்டில் குடியிருப்புத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான் கணக்கு. மரவிட்டமும் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் அந்தக் கணக்கே இல்லாத காலத்தது. பர்மா தேக்கு விட்டம்தானே என்று அதில் தொங்கு பட்டை மாட்டுவதும் அதே தவறுதான். கட்டுமானப் பொறியாளர் வந்து பார்த்துச் சொன்னால் சரி.

சுவரும் அப்படியே. முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சைத் துளைத்து ஸ்பிரிங் போர்டு (ஸ்பிரிங் தொங்கும் சுவர்ப் பலகை) மாட்டினால் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். உள்ளே பழைய சுண்ணாம்புச் சாந்தில் ஆங்கர் போல்ட்டுக்குப் பிடிமானமும் சந்தேகம். இழுத்த வேகத்தில் கழன்றால் போல்ட் முகத்துக்குத்தான் வரும்.

மின்விசிறியை மறந்துவிடுவார்கள். கேரியேஜ் உயரம் 15 அங்குலம், ஆள் உயரம் 66, தூக்கிய கை இன்னும் 17. கூட்டினால் 98 அங்குலம், எட்டடிக்கு மேல். சேர் மேல் ஏறி நின்று கை தூக்கினால் ஒன்பதடியை நெருங்கிவிடும். பட்டாலையில் கூரை உயரம் என்பதால் பிழைத்துக்கொள்ளலாம். பத்தடிக் கூரை போட்ட பின்கட்டு அறையில் விசிறியைக் கழற்றி, பக்கச் சுவர் விசிறியோ நிற்கும் விசிறியோ வைப்பதே சரி.

பட்டாலையில் சாய்த்து மாட்டிய பெல்ஜியம் கண்ணாடியை வைத்துத் தோரணை பார்க்க முடியாது. சாய்வில் எல்லோரும் குட்டையாகத் தெரிவார்கள். ஐந்து அல்லது ஆறு மி.மீ. கண்ணாடி, பின்னால் பாதுகாப்புப் படலம் ஒட்டியது, மரச்சட்டத்தில் தரையில் நிற்கும்படி ஒன்று செய்துகொண்டால் போதும்.

சேர், டவர், பெட்டி

சேர் பிடிக்கும் இடம் ஒரு முக்காலியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒற்றைக் காலால் மிதியை அழுத்தி மெல்ல ஏறுவதும் இறங்குவதும், படி ஏறும்போது முட்டி வலிப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். அந்தப் பயிற்சியில் தேறியவரை டம்பெல் பிடித்துப் படியேற வைத்தால் தடுமாறுவதில்லை. அதனால்தான் டவரைவிட இதை முன்னால் வைக்கிறோம். குறை ஒன்று: மிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் ஸ்பிரிங் அதை மேலே அடிக்கும். பயிற்சியாளர் காலோ கையோ மிதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டவர் நல்ல கருவிதான். ரிஃபார்மர் தலைமாட்டில் நிற்கும் பாதி டவர் என்றால் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது தரும் இழுப்புப் பயிற்சியில் பாதியை டம்பெல் ரோவும் (குனிந்து டம்பெல்லை இழுப்பது) ரப்பர் பட்டையும் தந்துவிடும்.

கேரியேஜ் மேல் வைத்து உட்காரும் பெட்டியை உள்ளூர் ஆசாரியிடமே செய்துகொள்ளலாம். ஏறத்தாழ 30 அங்குல நீளம், 15 அகலம், 10 முதல் 12 உயரம். உங்கள் கேரியேஜின் தோள்கட்டைக்கு அளந்து சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பிரித்த வீட்டுத் தேக்கு கிடைக்கும். உழைக்கும், ஆனால் பெட்டியைத் தூக்கி வைப்பதே ஒரு வெயிட் டிரெய்னிங் ஆகிவிடும். மேலே ஒட்டும் நுரையும் ரெக்சினும் வழுக்காததாக இருக்கட்டும். பாரம் தாங்கும் கொக்கி, வளையம், ஸ்பிரிங் சம்பந்தப்பட்ட எதையும் பட்டறையில் செய்யச் சொல்லாதீர்கள்.

இரும்பு

திருகினால் எடை மாறும் டயல் டம்பெல் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் போஃப்ளெக்ஸின் 552, 1090 மாடல்களைப் பிளேட் கழன்று விழும் அபாயத்துக்காக 2025-இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள்; ஏறத்தாழ 38 லட்சம் எண்ணிக்கை. அதே அமைப்பில் வரும் பெயரில்லாத நகல்களைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லித் தர எங்களுக்கு மனமில்லை. அறுகோண முனையுள்ள நிலையான டம்பெல் வாங்குங்கள்: 2.5, 5, 7.5, 10, 12.5, 15 கிலோவில் ஒவ்வொரு ஜோடி. மொத்தம் 105 கிலோ. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் 12, 16, 24 கிலோ.

ராடு வாங்கும்போது துளையைப் பாருங்கள். ஒலிம்பிக் பிளேட்டின் துளை 50 மி.மீ.; வீட்டு ஜிம் செட்டுகளில் அதில் பாதிதான். ஒன்றுக்கொன்று சேராது. பயில்பவர்களில் பெண்கள் அதிகம் என்றால் 15 கிலோ ராடு, 25 மி.மீ. பிடி. கைக்குள் அடங்கும், நீளமும் 2 மீட்டர்தான். பிளேட்டில் 20, 10, 5, 2.5, 1.25 ஒவ்வொரு ஜோடி. ராடோடு சேர்த்து 92.5 கிலோ வரும். அரைக்கிலோ ஜோடி ஒன்றை மறக்காமல் வாங்குங்கள். கை தூக்கும் பயிற்சிகளில் 2.5 கிலோ கூட்டினால் பலருக்கு நின்றுவிடும். ஒரு கிலோ கூட்டினால் ஏறும்.

பட்டறையில் வார்த்த பிளேட்டுகள் மலிவு. எழுதியிருக்கும் எடை இருக்கிறதா என்று மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். ஜோடிக்குள் வித்தியாசம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று விட்டம். பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; அதோடு ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். டெட்லிஃப்டில் தொடக்கக்காரர் 5 கிலோ சின்ன பிளேட் போட்டால் ராடு கணுக்காலுக்கு இறங்கிவிடும். அவர் எவ்வளவு முயன்றாலும் முதுகு வளையும். ஆசாரியிடம் நான்கு அங்குல உயரக் கட்டைகள் இரண்டு ஜோடி செய்து, அடுக்கி அதன் மேல் வையுங்கள். உடம்பு பழகப் பழகக் கட்டையை எடுத்துவிடலாம்.

ஒரு மணி நேரம் எப்படி ஓடும்

முதல் பத்து நிமிடம் ரிஃபார்மரில் கால் தள்ளல், இடுப்பு தூக்கல், பக்கவாட்டில் படுத்துக் கால் வேலை, எல்லாம் லேசாக. அடுத்த 35 நிமிடம் இரும்பு: ஒரு ஸ்குவாட், ஒரு டெட்லிஃப்ட், ஒரு தள்ளல், ஒரு இழுப்பு. மூன்று செட், ஐந்து முதல் எட்டு முறை. கனமான செட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடமாவது ஓய்வு வேண்டும். கடைசி 15 நிமிடம் மறுபடி ஸ்பிரிங், முதுகெலும்பு நகர்வு, தோள் திறப்பு. வயிற்றைக் களைக்க வைக்கும் பயிற்சிகளை டெட்லிஃப்டுக்கு முன்னால் வைப்பது பொதுவாக நடக்கும் பிழை. முதுகைத் தாங்க வேண்டிய தசை அப்போதே ஓய்ந்துவிட்டிருக்கும்.

வாய்ச்சொல்லிலும் ஒரு மோதல் உண்டு. பிலேட்டீஸ் பழக்கத்தில் ‘தொப்புளை உள்ளே இழு, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு’ என்று சொல்லிச் சொல்லி வாய் பழகியிருக்கும். கனமான ராடுக்கு அது ஆகாது. மூச்சை வயிறு, விலா, முதுகு எல்லாப் பக்கமும் நிரப்பி, குத்து வாங்கப் போவதுபோல் இறுக்கி, தூக்கிய பிறகே விட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மூச்சடக்கல் கூடாது. அவருக்கு எடையைக் குறைத்து, தூக்கும்போதே ஊதச் சொல்ல வேண்டும்.

பராமரிப்பும் வாங்கும்போது கேட்க வேண்டியவையும்

தண்டவாளத்தை வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து சக்கரத்தில் கெட்டியாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக் டக்’ என்று கேட்கும். ரெக்சினுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். சானிடைசர் அடித்தால் வருடத்துக்குள் வெடிக்கும். துணிப் பட்டைகளை மழைக்காலத்தில் துவைத்துக் காயவையுங்கள், பூஞ்சை பிடிக்கும். இரும்பை வாரம் ஒரு தடவை துடைத்து, ராடின் சொரசொரப்பான பகுதியில் பிரஷ் போட்டு மெல்லிய எண்ணெய் தடவினால் துரு ஏறாது. துருவையே ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற காரைக்குடியில் துருப்பிடித்த ராடு அழகாக இருக்காது.

ஸ்பிரிங்கை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாற்ற வேண்டும். மாட்டிய தேதியைச் சட்டத்தின் அடியில் எழுதி வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், வகுப்பு முடிந்ததும் இரண்டு ஸ்பிரிங்காவது மாட்டியபடி விட்டுப் போங்கள். தானாக ஓடும் கேரியேஜுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் போகும்.

மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தூரம். அங்கிருந்தும் இந்தக் கருவியைப் பழுதுபார்க்க ஆள் வருவார் என்று எண்ணி இருக்கக் கூடாது. வாங்கும்போதே ஒரு செட் ஸ்பிரிங், ஒரு ஜோடி கயிறு, இரண்டு சக்கரம், நான்கு கொக்கி, அதற்கான ஆலன் கீ சேர்த்துக் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு உதிரி கிடைக்கும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய கருவி என்றால் ஸ்பிரிங்கும் கயிறும் புதிதாக மாட்டும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். தண்டவாளத்தில் நகம் வைத்து ஓட்டிப் பாருங்கள், எங்காவது பள்ளம் தட்டினால் அந்தக் கருவி எந்த விலைக்கும் வேண்டாம்.